பொட்டு வைத்த வில்

மூன்றாவது அம்பும் கீழேதான் போனது. மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கறுப்பு மையால் அவளே வட்டம் கீறி வைத்த இடத்தில் இறங்கவேண்டிய அம்பு, நுரையால் செய்த அந்த மானின் கால்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டில் செருகி நின்று நடுங்கியது. முதல் இரண்டும் வயிற்றின் அடியில். கமலவேணி வில்லைத் தாழ்த்தினாள். கண்தான், என்று முதலில் நினைத்தாள். ஐம்பது தாண்டினால் கண் தன்பாட்டுக்குத்தான் நடக்கும். பிறகு காற்று என்று நினைத்தாள். காற்று இல்லை. கொடியில் காயப்போட்டிருந்த புருசன் லிங்கத்தின் சாரம் அசையாமல் தொங்கியது. மூச்சு, என்று நினைத்தாள். விடும்போது மூச்சைப் பிடிக்கிறேனோ. காலையில் தேத்தண்ணியோடு இரண்டு விசுக்கோத்துத்தான், அதனாலோ. அடுப்பை நிப்பாட்டினேனோ. நிப்பாட்டினேன், இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கிழமையாக விடாமல் பெய்த மழை நேற்றுத்தான் ஓய்ந்திருந்தது. வளவின் புல்லெல்லாம் சதசதவென்று சப்பாத்தை உறிஞ்சியது. ரொறன்ரோவை விட்டு இவ்வளவு தூரம் வடக்கே வந்து வீடு வாங்கியதே இந்த வளவுக்காகத்தான், பக்கத்து வீட்டுக்காரர் எட்டத்தில், அம்பு விட்டால் கேட்க ஆளில்லை. இந்த இரண்டு கிழமையும் அவள் நிலவறையில்தான் பழகினாள், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மற்ற மூலையில் வைத்த நுரைக் கட்டியைக் குறிவைத்து. அங்கே ஒன்றும் குறி பிழைக்கவில்லை. எட்டினால் கையால் தொடலாம்போல இருந்த அந்தக் கட்டியில் அம்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. இழுப்பும் இலேசாகியிருந்தது. புரட்டாசியில் நாணை இழுக்கும்போது தோள்மூட்டு கழன்று விழுமாப்போல இருந்தது, இப்போது தயிர்ச் சட்டியைத் தூக்குமாப்போல. லிங்கம் படிக்கட்டில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தீரோ, பழகப் பழக உமக்குக் கை பிடிச்சிட்டுது." அவளுக்கு அன்றைக்குப் பகல் முழுக்கச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கறிக்கு உப்புப் போட்டேனா என்று ஒருதரம்தான் யோசித்தாள்.

கை பிடித்துவிட்டது என்றால் அம்பு ஏன் கீழே போகிறது. நாலாவதை நாணில் பூட்டினாள். சக்கரம் வைத்த வில் இது, இழுக்கும்போது பாதி வழியில் ஒரு முடக்கு வரும், அதிலே கை நடுங்கும், அதைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கச் சக்கரமும் உருண்டு பாரம் சட்டென்று விழுந்துவிடும், பிறகு ஆறுதலாக நின்று நாணில் உள்ள சிறு துளைக்குள்ளால் பார்த்து, வில்லில் குறிபார்க்க வைத்த பச்சைப் புள்ளியை மானின் வட்டத்தில் வைக்கலாம். அந்த விழுகிற கணம்தான் அவளுக்குப் பிடித்தது. உலகத்தில் வேறு எதுவும் முடக்கைத் தாண்டினால் பாரம் குறைந்து கையில் நிற்பதில்லை. பிள்ளை வளர்ப்பா, வேலையா, சம்பந்திகளா, எல்லாம் தாண்டத் தாண்டப் பாரம்தான். பச்சைப் புள்ளி வட்டத்தில் நின்றது. மூச்சு விட்டாள். விரலைத் தளர்த்தினாள். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கதவு சாத்துகிறதை விடச் சின்னது. அதனால்தான் வில். துவக்கு வெடி என்றால் அவள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாள். யூலை முதலாம் திகதி, கனடா நாளுக்கு, வாணம் விட்டாலே அவள் நிலவறைக்குப் போய் உடுப்பு மெசினைப் போட்டுவிட்டு அதன் இரைச்சலுக்குள் நின்றுவிடுவாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றதும் அந்தச் சத்தத்தால்தான். பள்ளிக்கூடம் இருந்த பக்கத்தில் ஷெல் விழத் தொடங்கியபோது, "கொஞ்ச நாளைக்கு வீட்டிலை நில்லு" என்றாள் அம்மா. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அம்பு வயிற்றில் நின்றது. வயிற்றில் பட்ட மான் விழாது, ஓடும், பற்றைக்குள் போய்ப் படுத்து, எழும்பி, பிறகும் ஓடி, ஆரும் காணாத இடத்தில் கிடந்து சாகும். வேட்டை அனுமதிக்கு எடுத்த வகுப்பில் வெள்ளைக்கார மனுசி ஒருத்தி சொல்லிக் கொடுத்தது இது. அப்படி ஒன்றை நான் செய்யமாட்டேன், கடவுளே, என்று அங்கேயே நேர்ந்துகொண்டாள். அந்த வகுப்பின் சோதனையை, மகள் ஆரணி தொலைபேசியில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்ல, இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் பாஸ் பண்ணினாள். வாழ்க்கையில் பாஸ் பண்ணின முதல் சோதனை. துவக்கு இல்லாமல், வில்லோடு மட்டும் போகிற அனுமதி. லிங்கத்தோடு வேட்டைக்குப் போகிற பொஸ்கோ அந்தக் கார்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "லிங்கண்ணை, இனி மானுக்கு ரெண்டு பயம். ஒண்டு அம்பு, மற்றது அக்கா, 'சாப்பிட்டியோ, குளிருதோ, தாய் எங்கை' எண்டு கேட்டே கொண்டுபோடுவா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பகிடிதானே. பொஸ்கோ சாகிறவரைக்கும் பகிடி விடுவான். லிங்கம் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாரோ. சிரித்தார். வாயில் இருந்த பியர் மூக்கால் வருமளவுக்கு.

வேட்டைக்குப் போகிற ஆசை அவளுக்கு வந்தது மானால் இல்லை. வருசா வருசம் இலையுதிர் காலத்தில் ஐந்து நாள் இவர்கள் போவார்கள், பொஸ்கோவும் இவரும் இன்னும் இரண்டு பேரும். வரும்போது வான் நிறைய இறைச்சி வரும். அதை வெட்டி, பிரித்து, பொதி கட்டி, வீட்டுக்கு வீடு கொடுத்து, மிச்சத்துக்கு மிளகு போட்டு வறுப்பது அவள். கை இரண்டு நாளைக்கு மான் மணக்கும். போகும்போது இறுகிப் போயிருக்கிற மனுசன் வரும்போது தோள் தளர்ந்து, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வருவார். "அங்கை என்ன செய்யிறனியள்?" என்று ஒருமுறை கேட்டாள். "ஒண்டுமில்லை. மரத்திலை ஏறி இருக்கிறது." "இருந்து?" "இருக்கிறதுதான். அசையக்கூடாது. கதைக்கக்கூடாது. விடிய இருந்து பொழுதுபடும்வரைக்கும்." அசையக்கூடாது, கதைக்கக்கூடாது. அதைக் கேட்டபோது அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ வாய் திறந்தது. ஒருத்தர் அவளை அப்படி ஒரு மரத்தில் ஏற்றி, இனி நீ ஒன்றும் கேட்கத் தேவையில்லை, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது, சும்மா இரு என்று சொன்னால். அவளுடைய தலைக்குள் ஓயாமல் ஓடுகிற அந்த மெசின், அடுப்பு நிப்பாட்டினதா, கதவு பூட்டினதா, ஆரணி வீட்டுக்கு வந்துவிட்டாளா, இவர் ஏன் பேசாமல் இருக்கிறார், அது அங்கே நிற்குமோ. நிற்கும் என்று அவளுக்கு ஏனோ நம்பிக்கை. ஆனால் இதை அவள் லிங்கத்திடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. "நானும் வரட்டே" என்று மட்டும் கேட்டாள். அவர் கையிலிருந்த கத்தியை இரண்டு பக்கமும் துடைத்து உறையில் போட்டார். பிறகு "வாருமன்" என்றார். அடுத்த கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டு போய் இந்த வில்லை வாங்கித் தந்தார். நல்ல மனுசன். நல்ல மனுசன்தானே.

அவள் மானை நோக்கி நடந்தாள், பாதித் தூரத்தில் நின்றாள், அங்கிருந்து ஒன்று விட்டாள். வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. பின்னால் வந்து பழைய இடத்தில் நின்று விட்டாள். வயிறு. கிட்டப் போனால் ஓரளவு சரி, எட்ட வந்தால் கீழே. கண் என்றால் கிட்டவும் குறி பிழைக்க வேண்டும். மூச்சு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகவேண்டும். இது ஒழுங்காகக் கீழே போகிறது, ஆரோ சொல்லிக் கொடுத்தாப்போல. அவளுக்குத் தான் வேலை செய்கிற தோட்டத்துக் கண்ணாடி வீட்டின் நினைவு வந்தது. பத்து வருசமாக அவள் வெள்ளரிக்குத் தண்ணி பிடிக்கிற இடம். குழாய் திறந்து விட்டால் தண்ணி கடைசிப் பாத்திவரைக்கும் எகிறிப் போகும். ஆரும் அந்தப் பக்கம் குழாயைப் பாதி பூட்டிவிட்டால், அவள் எவ்வளவு நேராகப் பிடித்தாலும், கிட்டவுள்ள பாத்திக்குச் சரியாக இருக்கும், எட்டவுள்ளதுக்குக் காலடியிலேயே சரிந்து விழும். "ஆர் பைப்பைக் குறைச்சது?" என்று கத்துவாள். நாணில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆர் குறைத்தது. இழுப்பு இலேசு. அம்பு கீழே. கை பிடிக்கவில்லை. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வில்தான் மெலிந்திருக்கிறது. சீ, புது வில், ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதெல்லாம் தானாக மெலியுமோ. மழைக்கு நாண் ஊறியிருக்கும். நிலவறையில் மழை எங்கே. அப்படியென்றால் குளிருக்கு. குளிருக்கு இறுகத்தானே வேணும், தளருமோ. ஒன்றும் தெரியாமல் நான் கண்டபடி யோசிக்கிறேன், இதுதான் என்னுடைய வியாதி, இதைத்தான் எல்லோரும் சொல்லுகிறார்கள்.

ஆனாலும் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. வில்லைத் திருப்பி மடியில் கிடத்தி, கராஜ் வாசலில் இருந்த கதிரையில் இருந்தாள். வில்லின் மேல் கையும் கீழ்க் கையும் நடுக்கட்டையோடு சேருகிற இடத்தில் இரண்டு பெரிய திருகாணிகள். அவற்றை இறுக்கினால் இழுப்புக் கூடும், தளர்த்தினால் குறையும். வாங்கின அன்று கடைக்காரப் பெடியன் ஆறுமூலைத் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, ஆணிக் குழிக்குள் விட்டு இரண்டையும் ஒரே அளவாகத் திருப்பிக் காட்டி, "இதுக்குக் கீழை போனா மான் வேட்டைக்குச் சட்டம் விடாது" என்று சொல்லித்தான் கொடுத்தான். அந்த ஆணித் தலைகளில்தான் அவள் பொட்டு வைத்திருந்தாள். நவராத்திரியின் ஒன்பதாம் நாள், ஆயுத பூசைக்கு. வேறு வருசங்களில் சாமி அறையில் கத்தியும், தையல் மெசினும், கார்த் திறப்பும்தான் இருக்கும். இந்த முறைதான் அவளுக்கென்று மெய்யாகவே ஓர் ஆயுதம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து, வில்லில் எங்கே வைப்பது என்று தெரியாமல், நெற்றி மாதிரி இருந்ததால் அந்த ஆணித் தலைகளில், குழி தெரியாமல் நிரம்ப அப்பி, வட்டம் கொஞ்சம் பெரிதாகி நடுக்கட்டையிலும் பட, அதன் மேலே குங்குமம் வைத்தாள். லிங்கம் வாசலில் நின்று, "வில்லுக்கும் பொட்டோ? இனி அதுக்கொரு மாப்பிள்ளையும் பாரும்" என்றார். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. தீர்த்தம் தெளித்த பொருளைத் துடைப்பது அவளுக்கு மனமில்லை. இப்போது பார்க்கிறாள். நடுக்கட்டையில் பட்ட சந்தனம் அப்படியே பிறை மாதிரி ஒட்டியிருக்கிறது. ஆணித் தலையில் ஒட்டியிருந்த மிச்சம் அந்தப் பிறையோடு சேராமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுக் குழியில் சந்தனம் இல்லை. ஆறுமூலையும் துப்பரவாக மினுங்குகிறது. கீழ் ஆணியிலும் அப்படியே. பொட்டைப் பாதியாக வெட்டித் திருப்பி வைத்த மாதிரி.

ஆர் என்று யோசிக்க ஒன்றும் இல்லை. திறப்பு லிங்கத்தின் பெட்டிக்குள். வீட்டில் இரண்டு பேர். அப்படியிருந்தும் அவள் யோசித்தாள், திருடனை, பேயை, கடைக்காரப் பெடியனை, எல்லாரையும் ஒருக்கால் கொண்டுவந்து நிறுத்தி அனுப்பினாள். பிறகு லிங்கம் மட்டும் நின்றார். எப்போது செய்திருப்பார். அவள் வேலைக்குப் போன ஒரு பின்னேரம். வில்லை மடியில் கிடத்தி, இதே கதிரையில் இருந்து, இரண்டையும் ஒரே அளவாக, அவர் எதையும் ஒழுங்காகத்தான் செய்வார். சந்தனம் உதிர்ந்து சாரத்தில் விழுந்திருக்கும், தட்டியிருப்பார். பொட்டு அவர் கண்ணில் பட்டும் படவில்லை. ஏன். தோளுக்காக. ஆம், தோளுக்காகத்தான் இருக்கும், அவள் படுக்கும்போது தைலம் பூசுவதைக் கண்டிருப்பார், பாவம் என்று நினைத்திருப்பார். நெஞ்சு கொஞ்சம் இளகியது. உடனேயே பொஸ்கோவின் தராசு நினைவில் வந்து தொங்கியது. போகிறதுக்கு முதல் நாள் எல்லோரும் பொஸ்கோ வீட்டுக் கராஜில் கூடுவார்கள். மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றைக் கூரை வளையில் கட்டி, ஒவ்வொரு வில்லாக அதில் கொழுவி, நாணை இழுத்து எத்தனை இறாத்தல் பாரம் என்று பார்ப்பான். நாற்பதுக்குக் குறைந்தால் வில்லுக்காரன் வரக்கூடாது, அது பொஸ்கோவின் சட்டம் மட்டுமில்லை, இந்த நாட்டின் சட்டம். போன வருசம் குணம் என்கிற பெடியனின் வில் குறைந்துபோய், "நீ தேங்காய் துருவப் போ ராசா" என்று எல்லோருமாகச் சேர்ந்து வழியனுப்பினார்கள். அதை லிங்கம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாளைக்குப் பின்னேரம். நாளைக்குப் பின்னேரம் அவள் தன்னுடைய வில்லைக் கொண்டுபோய், சேலையா காற்சட்டையா என்று இரண்டு நாளாக யோசித்து வைத்த அந்தக் காற்சட்டையோடு, எல்லோருக்கும் முன்னால், அதில் கொழுவியிருப்பாள். தராசு வேண்டாம் என்று சொல்லியிருக்கும். லிங்கம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். வாயை ஒரு மாதிரிப் பிதுக்கி, "என்ன செய்யிறது வேணி, தராசு சொல்லுது" என்றிருப்பார். அந்தக் குரல் அவளுக்கு இப்போதே காதில் கேட்டது. "உமக்குக் கை பிடிச்சிட்டுது" என்றதும் அதே குரல்தான். அதே இதமான, போர்வை இழுத்து மூடுகிற குரல்.

அந்தக் குரலை அவளுக்கு முதலே தெரியும். ஆரணி வயிற்றில் இருந்தபோது கேட்ட குரல். அப்போது ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை. தொலைபேசி எடுத்தால் லிங்கம்தான் எடுப்பார். "அம்மா பரவாயில்லையாம்" என்பார். குளிர்காலம் தொடங்குகிறது, அம்மாவுக்குக் காலில் வெடிப்பு, ஊரில் மார்கழிப் பனி என்று அவள் காலுக்குப் போடக் கம்பளிக் கால்மேசு ஒரு சோடி வாங்கப் போனாள். கடையில் லிங்கம் கூட நின்றார். சாம்பல் நிறமா மண்ணிறமா என்று அவள் கேட்க, கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, "மண்ணிறம் நல்லம், ஊத்தை தெரியாது" என்றார். அவளே பொதி கட்டினாள். அந்தக் கால்மேசு வாங்க முதலே அம்மா செத்து, எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது என்று ஆரணி பிறந்து உடம்பு தேறின பிறகுதான் சொன்னார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமிக்கு, பக்கத்து வீட்டு மனுசிக்கு, தொலைபேசி அட்டை விற்கிற கடைக்காரனுக்கு. "உமக்குச் சொன்னா நீர் பதகளிப்பீர், பிள்ளைக்குக் கூடாது" என்றார் லிங்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். சரிதான், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவள் அதை மன்னித்துவிட்டாள், அல்லது மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கால்மேசு. மண்ணிறம் நல்லம் என்று அந்த மனுசன் எப்படி வாய் திறந்து சொன்னார். செத்தவளின் காலுக்கு ஊத்தை தெரியாத நிறம். அம்மாவும் அப்படித்தான், ஊரை விட்டு அவளை அனுப்பும்போது, "நீ முன்னாலை போ பிள்ளை, நான் பின்னாலை வாறன்" என்றாள். வருகிற எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை, வீட்டையும் மாட்டையும் விட்டு வருகிற மனுசியில்லை அவள். எல்லோரும் அவளுக்கு இலேசாக்கித்தான் கொடுத்தார்கள். ஆணியைத் தளர்த்தித் தளர்த்தி, அவள் இழுக்கக்கூடிய அளவுக்கு உலகத்தைக் கொடுத்தார்கள். அவளும் இழுத்து இழுத்து, எனக்குக் கை பிடித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால்தானோ இந்தப் பதகளிப்பு. அடுப்பைப் பத்துத் தரம் தொட்டுப் பார்ப்பதும், கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பதும், எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதும். சொல்லுகிறவர்களை நம்பமுடியாத ஒருத்தி வேறு எப்படி இருப்பாள். கையால் தொட்டுப் பார்த்தால்தானே சூடு தெரியும்.

எழும்பி லிங்கத்தின் பெட்டியைத் திறந்து திறப்பை எடுத்தாள். மேல் ஆணியில் விட்டு, தலையில் ஒட்டியிருந்த சந்தனம் சுற்றி வந்து பிறையோடு ஒட்டும்வரை திருப்பினாள். ஒட்டியது. ஆனால் ஆணி இன்னும் தொளதொள என்றுதான் இருந்தது. இன்னொரு சுற்று. திரும்பவும் ஒட்டியது. பிறகு இன்னும் ஒன்று, அதற்கு மேல் பழைய இறுக்கம் கையில் தெரிந்தது, குங்குமத்தின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கீழ் ஆணியையும் அப்படியே. அப்போதுதான் பயம் வந்தது. இவ்வளவு நேரமும் கோபம் இருந்த இடத்தில், அம்மா, பயம். இழுக்க முடியாவிட்டால். இரண்டு கிழமை பொய்யான பாரத்தை இழுத்துப் பழகின தோள். அவர் செய்தது சரியாகவே போய்விட்டால். ஏழாம் வகுப்பு, நீ வீட்டில் நில்லு, நீ பதகளிப்பாய், நீ தாங்கமாட்டாய், எல்லாம் சரியாகவே இருந்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது. நின்றாள். இழுத்தாள். முடக்கு வந்தது, நாண் அவளை முன்னால் இழுத்தது, அதோடேயே போய் நாணை மெல்ல முன்னுக்கு விட்டுவிட்டாள். பூட்டின அம்பு பூட்டினபடியே கிடந்தது. இன்னொரு தரம். முடக்கிலேயே நின்றாள். பல்லைக் கடித்தாள். தோளுக்குள் ஏதோ சூடாகக் கிழிந்தது போலிருந்தது. கிழியட்டும், இது என்னுடைய தோள், எனக்குத்தான் நோகிறது, ஆரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. சக்கரம் உருண்டது. பாரம் விழுந்தது. பச்சைப் புள்ளி தள்ளாடித் தள்ளாடி வட்டத்துக்குள் வந்த கணத்தில் விட்டாள். அம்பு போனதை அவள் காணவில்லை. வட்டத்தின் விளிம்பில் அது நின்றுகொண்டிருப்பதைத்தான் கண்டாள். சிரிப்பு வரவில்லை. கதிரையைத் தேடிப் போய் இருந்தாள்.

வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. லிங்கம் இரண்டு கையிலும் பைகளோடு வந்தார், ஐஸ், பாண், மீன் ரின், அடுப்புக் காஸ். சனிக்கிழமை வேட்டைப் பயணத்துக்கு.

"என்ன வெளியிலை? ஈரமெல்லே. எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுது. இஞ்சாருங்கோ, இதை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. சத்தமொண்டு வருது."

அவர் பைகளை வைத்துவிட்டு, வில்லை வாங்கி, தொலைக்காட்சிப் பெட்டியின் பொத்தானை அமத்துகிற மாதிரி அசட்டையாக நாணை இழுத்தார். கை பாதி வழியில் நின்றது. இவ்வளவு பாரத்தை அந்தக் கை எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது ஒரு பாரமேயில்லை, இவ்வளவைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கிற மனுசன். ஆனால் நின்றது. அவள் வில்லைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல மெல்ல நாணை முன்னுக்கு விட்டார்.

"ஆர் இறுக்கினது?"

"நான். ஆர் தளத்தினது?"

கொடியில் தொங்கிய சாரத்தை அவர் பார்த்தார். "தோள் நோகுதெண்டு நீர்தானே..."

"நான் சொல்லேல்லை. ஒருநாளும் சொல்லேல்லை."

"எண்ணெய் பூசுறதைக் கண்டனான்."

"சரி. அப்ப நாளைக்குப் பொஸ்கோவின்ரை தராசுக்கு ஆர் எண்ணெய் பூசுறது?"

அவர் வாய் திறந்தார், அந்தக் குரல் வெளிக்கிடுவது அவளுக்குத் தெரிந்தது, போர்வையோடு. "இஞ்சை பாரும் வேணி, மரத்திலை ஏறிப்போட்டு நீர் தலைச்சுத்தி விழுந்தீரெண்டா..."

"வேண்டாம். அந்தக் கதை வேண்டாம். மண்ணிறம் நல்லம் எண்டு சொன்ன மாதிரிச் சொல்லாதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. நான் பதகளிக்கேல்லை, பாருங்கோ, இருக்கிறன்தானே."

மண்ணிறம் என்றதும் அவருடைய முகம் ஒரு கணம் வெறுமையாகிப் பிறகு எங்கேயோ போய் வந்தது. இவ்வளவு வருசமும் அந்தக் கால்மேசு அவளுக்குள் கிடந்தது அவருக்குத் தெரியாது. ஐஸ் பைக்குள் உருகி ஒரு கட்டி சரிந்தது. அவர் குனிந்து பையை நிமிர்த்திவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் அவரிடம் முன்னொருநாளும் கேட்டிராத ஒரு வறண்ட குரலில் சொன்னார்.

"வருசத்திலை அஞ்சு நாள், வேணி. அங்கைதான் ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை. எங்கை நிக்கிறியள், சாப்பிட்டியளோ, ஏன் கதைக்காமல் இருக்கிறியள்... ஒண்டும் கேக்கிறேல்லை. நீர் வரக் கேட்ட அண்டைக்கு ஏலாதெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அது போய் எங்கே பட்டது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வட்டத்துக்குள்தான் பட்டது. வயிற்றில் இல்லை. அழவேண்டும் என்று நினைத்தாள், கண்ணீர் வரவில்லை. முப்பது வருசத்தில் இந்த மனுசன் அவளிடம் தளர்த்தாமல் தந்த முதல் சொல் இது, அதன் முழுப் பாரமும் கையில் இருந்தது, அவள் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நானும் அதுக்குத்தானே வரக் கேட்டனான், கதைக்காமல் இருக்க, என்னை நானே கேக்காமல் இருக்க, என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதை இப்போது அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீர் தாங்கியிருப்பீரோ?"

"தெரியாது. நீங்கள் ஒருநாளும் சொல்லிப் பாக்கேல்லை."

அவருக்கு நிற்க முடியவில்லை. வில்லைக் கதிரையில் சாய்த்துவிட்டு, அம்புகளைப் பிடுங்கி வரப் போகிறவர்போல மானை நோக்கி நடந்தார். ஒருத்தர் அம்பு எடுக்கப் போனால் மற்றவர் வில்லைத் தொடக்கூடாது, அவரே முதல்நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல், சதசதத்த புல்லில் சப்பாத்து அழுந்த அழுந்த நடந்தார். அவள் அந்த முதுகைப் பார்த்தாள். தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த முதுகு. அவள் வில்லைத் தொடமாட்டாள் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவளை அவ்வளவுக்கு நம்பத் தெரிந்த மனுசனுக்கு, அவளிடம் ஒரு சொல்லை நம்பிக் கொடுக்கத் தெரியவில்லை. அவள் வில்லைத் தொடவில்லை. வயிற்றில் நின்றவற்றைப் பிடுங்கினார், வைக்கோலில் நின்றதைப் பிடுங்கினார். வட்டத்தில் நின்ற அந்த ஒன்றில் கை வைத்துவிட்டு நின்றார்.

"இது?"

"இறுக்கினாப் பிறகு விட்டது."

அதைப் பிடுங்காமல் விட்டுவிட்டு வந்தார். மிச்ச அம்புகளை அவளிடம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"நாளைக்குப் பின்னேரம் தராசிலை நான்தான் கொழுவுவன்," என்றாள். "என்ரை மரம் உங்களுக்கு எட்டத்திலை இருக்கட்டும். காட்டின்ரை மற்றப் பக்கம் எண்டாலும் பரவாயில்லை. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார். அவள் நாணில் அம்பைப் பூட்டினாள், மானைப் பார்த்தாள், இழுத்தாள். முடக்கு வந்தது. தோள் எரிந்தது. கை நடுங்குவது அவருக்கும் தெரிந்திருக்கும், "விடும் வேணி, நோக..." என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார். சக்கரம் உருண்டது. பாரம் விழுந்தது. பச்சைப் புள்ளி மெல்ல மெல்ல ஆடி அடங்கி, வட்டத்தில் ஏற்கெனவே நின்ற அம்பின் பக்கத்தில் வந்து நின்றது. அவள் விடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.